அக்காவும் நானும் தலைகீழாகத் தொங்கிய பகல்

கார் உருண்டு நின்றதும் முதலில் கேட்டது சித்தப்பாவின் குரல்தான்.

"என்னப்பா சத்தம்? பஞ்சரா?"

காரை ஓட்டிவந்த அத்தானின் செல்போன் காரின் ஸ்பீக்கரோடு இணைக்கப்பட்டிருந்தது. கார் தலைகீழாகக் கிடந்தது. நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே நாங்கள் மூன்று பேரும் சீட் பெல்ட்டில் தொங்கினோம். சித்தப்பா மட்டும் தஞ்சாவூரில் தன் வீட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டு, திருச்சியில் எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது புதிதல்ல. அவர் பேசும்போது யாரும் பதில் சொல்வதில்லை என்பதால் பேச்சைத் தொடர்ந்தார்.

என் கண்ணுக்கு நேரே, தலைக்குக் கீழே, காரின் கூரை இருந்தது. அதில் உடைந்த கண்ணாடித் தூள், அக்காவின் ஒற்றைச் செருப்பு, யாரோ கொடுத்த குங்குமப் பொட்டலம். இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ பெட்ரோல் வாடை. ஏதோ கெட்டியான திரவம் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை என் மாணவிகளையும், தலைமையாசிரியைகளையும், பொன்மலை குவார்ட்டர்ஸின் குழாயடியையும் கிண்டல் செய்தாயிற்று. என் குடும்பத்தை விட்டுவைத்திருக்கிறேன் என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். நியாயமான குற்றச்சாட்டு. இந்த வாரம் எங்கள் முறை.

அழைப்பிதழில் இல்லாத பெயர்

காரில் முன்சீட்டில் தொங்கியவள் என் அக்கா சுகுணா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். பின்சீட்டில் தொங்கிய நானும் அவளும் பேசி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

காரணம் பெரியது. அவள் மகள் கல்யாண அழைப்பிதழில் என் கணவர் முரளியின் பெயர் இல்லை.

அழைப்பிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் உறவினர் பட்டியல் ஒன்று இருக்குமே, அதில் அத்தான் வழியில் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் கைக்குழந்தைகள். நடக்கக்கூடத் தெரியாத குழந்தைகள் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் இருந்தன. மணப்பெண்ணின் சொந்தச் சித்தப்பாவான முரளி இல்லை.

பிரஸ்காரர் விட்டுவிட்டார் என்றாள் அக்கா. பிரஸ்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்ன பகை என்று கேட்டேன். அவள் ஒன்று சொன்னாள். நான் இரண்டு சொன்னேன். கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டியதும் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். அதைப் பெரிய வெற்றியாக நினைத்தேன். பந்தியில் அன்று என் இலைக்கு வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முரளியிடம் இதைச் சொல்லிக் குமுறியபோது அவர் ஷிப்ட் முடிந்து கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "எந்தக் கார்டு?" என்றார். அவர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. அவமானப்பட்டவருக்கு அவமானம் தெரியவில்லை என்பதற்காக நான் சண்டையைக் கைவிட முடியுமா? அவருக்கும் சேர்த்து நானே அவமானப்பட்டுக்கொண்டேன்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அப்பா. எண்பதைத் தாண்டியவர். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில், ஒன்றையொன்று முறைத்துக்கொண்ட இரண்டு தொழிற்சங்கங்களிலும் உறுப்பினராக இருந்து இரண்டு ஊர்வலத்திலும் போனவர். அம்மா இறந்த பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருந்தார். ஒருத்தி வீட்டுக்குப் போனால் இன்னொருத்தி கோவித்துக்கொள்வாள் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு. நான் கணக்கு டீச்சர், சொல்கிறேன்.

அப்பாவின் பிறந்தநாள் வந்தால் அக்கா காலையில் போவாள், நான் மாலையில் போவேன். அவர் இரண்டு முறை புதுவேட்டி கட்டி, இரண்டு முறை கேசரி சாப்பிட்டு, இரண்டு முறை "நீ ஒருத்தியாவது வந்தியே" என்பார்.

மருங்காபுரியில் காதுகுத்து

மருங்காபுரியில் இருக்கும் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இரண்டு பேரையும் அழைத்திருந்தார். நான் இரண்டு பஸ் மாறிப் போனேன். அக்காவும் அத்தானும் காரில் வந்திருந்தார்கள். அத்தானின் பெயர் சந்திரன். 'கார் சந்திரன்' என்பதுதான் அவருடைய முழுப்பெயர்.

பந்தலில் அவள் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகு தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் அக்காவின் முதுகை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தேன்.

குழந்தைக்குக் காது குத்தி அது வீறிட்டு அழுதுகொண்டிருந்த நேரம், அக்காவின் போன் அடித்தது. அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அப்புறம் என் போன் அடித்தது. ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் மேல்வீட்டு மாமி.

"அப்பா ஹால்ல மயங்கி விழுந்துட்டார்மா. கூப்பிட்டா கண்ணைத் திறக்கலை. எங்காத்து மாமா ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிண்டிருக்கார். சீக்கிரம் வந்துடுங்கோ. பெருமாள் கைவிட மாட்டார்."

செருப்பைத் தேடி ஓடினேன். அந்த ஓட்டத்திலும், முதல் போன் அக்காவுக்குத்தான் போனது என்பதை என் மனம் குறித்துக்கொண்டது. மனித மனம் எவ்வளவு மட்டமான பொருள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பஸ்ஸுக்கு நின்றால் மூன்று மணி நேரம். இருந்தது ஒரே கார். அத்தைதான் என் தோளைப் பிடித்துக் காருக்குள் தள்ளினார். தள்ளிவிட்டு, எவர்சில்வர் தூக்கு ஒன்றை என் மடியில் வைத்தார். ஜவ்வரிசிப் பாயசம். அப்பா நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். கண் முழித்ததும் கொடு என்றார். எங்கள் குடும்பத்தில் எந்த ஆபத்தும் ஒரு தூக்குப் பாத்திரம் இல்லாமல் புறப்பட்டதில்லை.

கீறல் விழாத கார்

துவரங்குறிச்சி வந்து நாலுவழிச் சாலையில் ஏறும்வரை காருக்குள் பேச்சில்லை. அப்புறம் அக்கா, அத்தானிடம் சொன்னாள்.

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்களும் பெல்ட் போடணுமாம். சொல்லிடுங்க."

எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ரேவதி, பெல்ட் போட்டுக்கணுமாம்" என்றார். போட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். போடவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டால் என் பொய் தெரிந்துவிடுமே என்ற ஒரே காரணத்துக்காக, சத்தம் வராமல் இழுத்து மாட்டினேன். இன்று நான் உட்கார்ந்து இதை எழுதுவதற்குச் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு காரணமில்லை. வீம்பு.

அடுத்து ஏசி. "அவளுக்குக் குளிருதான்னு கேளுங்க." "இல்லன்னு சொல்லுங்க அத்தான்." அத்தான் பாவம், அந்த அவசரத்திலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தார்.

அவருக்கு வேறொரு பெருமை இருந்தது. கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, ஒரு கீறல் இல்லை. எந்த விசேஷ வீட்டிலும் இதைச் சொல்லாமல் அவர் கை கழுவியதில்லை. கார் பெரும்பாலும் திருச்சி கே.கே. நகரில் வீட்டு வாசலில் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அன்று நூறைத் தாண்டி ஓட்டினார். போன் ஓயவில்லை. மாமி யாருக்குச் சொன்னாரோ, அவர்கள் யாருக்குச் சொன்னார்களோ, சென்னை, கோயம்புத்தூர், மஸ்கட் என்று வரிசையாக அழைப்பு. எல்லோருக்கும் ஒரே கேள்வி: எப்படி இருக்கார்? எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சாலையில் இருந்தோம். அத்தான் ஒரு அழைப்பையும் விடாமல் எடுத்து, "போயிட்டே இருக்கோம், போயிட்டே இருக்கோம்" என்றார். எடுக்காவிட்டால் மாமனாருக்கு முடியாத நேரத்தில் மருமகன் போன்கூட எடுக்கவில்லை என்று ஆகிவிடுமாம்.

விராலிமலை தாண்டிக் கொஞ்ச தூரம். சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு அழைப்பு வந்து திரையில் மின்னியது. அத்தான் குனிந்து அதைப் பார்த்தார். நான் நிமிர்ந்து சாலையைப் பார்த்தேன்.

எங்கள் பக்கச் சாலையிலேயே, எங்களை நோக்கி, ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம். ஓட்டியவர் அவசரப்படவில்லை. தன் வீட்டு முற்றத்தில் வருவதுபோல் வந்தார்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அத்தான் இடதுபக்கம் ஒடித்தார். சாலை முடிந்து மண் வந்தது. சரளைக்கல் அடியில் படபடவென்று அடித்தது. அப்புறம் அடியில் ஒன்றுமே இல்லை. ஜன்னலில் வானம் வந்தது, பிறகு புல் வந்தது, மறுபடி வானம். என் பற்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் மட்டும் இன்றும் காதில் இருக்கிறது.

மூன்று முறை

சீமைக்கருவேலப் புதர் ஒன்று எங்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது. ஊருக்கே கேடு என்று அந்த மரத்தை வெட்டச் சொல்லி மாணவிகளை ஊர்வலம் கூட்டிக்கொண்டு போனவள் நான். அது இல்லாவிட்டால் இன்னும் கீழே, பழைய கல்குவாரிப் பள்ளத்தில் போய் விழுந்திருப்போம் என்று பிறகு சொன்னார்கள்.

அத்தானிடமிருந்து சத்தமே இல்லை. காற்றுப்பை வெடித்து அவர் முகத்தை மூடியிருந்தது. கை ஒன்று கீழே தொங்கி லேசாக ஆடியது. அக்காவின் கொண்டை அவிழ்ந்து முடி முழுக்கக் கூரையில் கிடந்தது. எனக்கு அவள் காதும் கம்மலும் மட்டும் தெரிந்தன.

சித்தப்பாவின் அழைப்பு அறுந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. அவர் குரல் இருந்தவரை உலகம் வழக்கம்போல் இருப்பதாகத் தோன்றியது.

அக்கா கூப்பிட்டாள். "பாப்பா."

வீட்டில் என் பெயர் அது. அம்மா போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. வாய் திறக்க முடியாத அளவு அடி எதுவும் எனக்கு இல்லை. ஆனாலும் பேசவில்லை.

இதை எழுத மூன்று நாள் யோசித்தேன். அதிர்ச்சி என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. உண்மை அதுவல்ல. ஆறு வருடம் அவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்து பழகிய வாய், பழக்கத்தில் மூடியே இருந்தது. அவளே முதலில் பேசிவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு புள்ளி சந்தோஷப்படவும் செய்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நெற்றியில் ரத்தம் ஏறி, பெட்ரோல் வாடைக்கு நடுவில் நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இருக்கியா?"

அதற்கும் பேசவில்லை.

மூன்றாவது முறை அவள் குரல் உடைந்திருந்தது. "பாப்பா, உன்னைக் கூட்டிட்டு வந்தேனேடி. அப்பாகிட்ட நான் என்னடி சொல்லுவேன்?"

"இருக்கேன்க்கா" என்றேன்.

அவள் முடி மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு அவளுக்கே உரிய தோரணையில், கால் விரலை அசைத்துப் பார், கை விரலை அசைத்துப் பார் என்று எனக்கு உத்தரவு போட்டாள். தன் தோள் எலும்பு முறிந்திருப்பதைச் சொல்லவில்லை. "உங்க அத்தானைப் பாரு, மூச்சு வருதா பாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கையை நீட்டி அவர் விலாவைத் தொட்டேன். அவர் "ஆ" என்றார். அவ்வளவு இனிமையான ஒலியை அவர் அதற்கு முன்னும் பின்னும் எழுப்பியதில்லை.

செல்போன்களும் ஓர் அரிவாளும்

ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நிறையக் கால்கள். பிறகு கால்களுக்குப் பக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்போன்கள். நமக்கு உதவ வருகிறவர்கள் முதலில் நம்மைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை நாம் உயிரோடு இருக்க வேண்டும்.

அவர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, அந்தம்மாவுக்கு மூளை வெளியே வந்துவிட்டது என்று அலறினார். வேறு யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். பின்னால் நின்ற ஒருவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "யாருக்குடி? எனக்கா?"

நான் கழுத்தைத் திருப்பி அவள் தலையைப் பார்த்தேன். முடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக, வழவழவென்று.

"இல்லக்கா. பாயசம்."

ஆறு வருடத்துக்குப் பிறகு நான் அக்காவிடம் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

கால்களை விலக்கிக்கொண்டு ஒரு அரிவாள் வந்தது. அதன் பின்னால் ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தவராம். முந்தானையைத் தலையில் சுற்றியிருந்தார். செல்போன்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அத உள்ள வச்சிட்டு வந்து கையக் குடுங்கய்யா. உங்க அக்கா தங்கச்சி தொங்குனா இப்படித்தான் புடிப்பீங்களா?"

அரிவாளின் பின்பக்கத்தால் மிச்சக் கண்ணாடியைத் தட்டினார். பாதி உடம்பை உள்ளே நுழைத்து என் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார். ஆட்டு வாடை, வியர்வை, பச்சைத் தழை வாசம்.

"கழுத்த என் மேல சாச்சுக்கம்மா. நான் அறுத்ததும் எம்மேலயே விழு. பயப்படாத."

பெல்ட் அறுந்தது. நான் அவர் மேல் விழுந்தேன். என் எடை சாதாரணமில்லை. அவர் முனகக்கூட இல்லை.

அடுத்து அக்கா. அவள் கால்களை அசையாமல் தாங்கிப் பிடித்து, தோள் குலுங்காமல் வெளியே எடுத்துக் கிடத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? மொபெட்காரர்தான். குடம் ஒன்று உடைந்து வேட்டியெல்லாம் நனைந்திருந்தார்.  ஏன் இப்படி எதிரே வந்தீர்கள் என்று யாரோ அவரை அடிக்கப் போனார்கள். அவர் நிதானமாக விளக்கினார்.

"திரும்புற எடம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குங்க. இங்க எல்லாருமே இப்படித்தாங்க வருவோம்."

அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அப்போது தன் துண்டை மடித்து அக்காவின் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். நாட்டில் ஒரு மனிதனை முழுசாகத் திட்டவும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அத்தானையும் வெளியே எடுத்த பிறகு 108 வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது அந்த அம்மா ஆடுகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. ஓர் அட்டையில் ஒரு பெயர் விடுபட்டதற்காக ஆறு வருடம் பேசாமல் இருந்த இரண்டு படித்த பெண்கள், தங்களை அறுத்து இறக்கியவரின் பெயரைக் கேட்கவில்லை. முரளி பிறகு இரண்டு தடவை போய் விசாரித்தார். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம்.

ஒரே மருந்து

முதலுதவி முடிந்ததும், அப்பா இருந்த ஆஸ்பத்திரிக்கே எங்களையும் மாற்ற முரளி ஏற்பாடு செய்தார். நாங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் எங்கள் வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. 'திருச்சி அருகே கோரம்' என்ற தலைப்பில், சோக இசையோடு. அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டவர் சித்தப்பா. யாரென்று தெரியாமலே, கைகூப்பும் படம் மூன்று சேர்த்து, 'ஆழ்ந்த இரங்கல்கள். வாகனம் ஓட்டும்போது செல்போன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தார்.

அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. அத்தானுக்கு மூன்று விலா எலும்பு. எனக்குக் கழுத்துப் பட்டையும் நெற்றியில் தையலும். அக்காவையும் என்னையும் ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் அப்பாவின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது. அவர் பார்த்தது கட்டுகளை அல்ல. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அறைக்குள் வந்ததை. ஆறு வருடமாக அவர் அதைப் பார்த்ததில்லை. தான் செத்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது என்று பிறகு சொன்னார்.

மாலையில் டாக்டரம்மா வந்தார். சின்னப் பெண். கையில் இரண்டு மாத்திரை அட்டைகள். மாமி அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பியவை.

"இது ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற வேற. பிரஷர் மாத்திரையை ரெண்டு மடங்கா சாப்பிட்டிருக்காரு. பிரஷர் அப்படியே இறங்கித்தான் விழுந்திருக்காரு. யாருங்க இதெல்லாம் வாங்கித் தர்றது?"

நாங்கள்தான். ஒன்று, அக்கா தனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தது. இன்னொன்று, நான் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தது. அவள் என்ன கொடுக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பேசியதாக ஆகிவிடும்.

டாக்டரம்மா அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, உங்களுக்காவது தெரிய வேணாமா?"

அப்பா குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மா. கலரு வேற, பேரு வேற, ஆனா ஒண்ணுதான்னு மெடிக்கல்காரரு சொன்னாரு. பெரியவ காலையில போன் பண்ணிச் சாப்டீங்களாம்பா. சின்னவ அரை மணி கழிச்சுப் பண்ணிக் கேப்பா. ஒருத்தி குடுத்ததைச் சாப்பிட்டேன், இன்னொருத்தி குடுத்தது வேணாம்னு எப்படிம்மா சொல்றது?"

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, எங்கள் கட்டுகளைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் போனார். நல்ல வளர்ப்பு.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. எனக்காவது கழுத்துப் பட்டை இருந்தது.

சிக்கு

அக்காவின் மகள் வெளிநாட்டில். அத்தானால் சிரிக்கவும் முடியாது, தும்மவும் முடியாது. வேறு வழியில்லாமல் மூன்று நோயாளிகளும் பொன்மலையில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை, ஐந்து பேர், ஒரு பாத்ரூம். அழைப்பிதழில் இல்லாத என் கணவர்தான் தினமும் விடிந்ததும் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். அக்காவுக்குச் சர்க்கரை கம்மி என்பதையும் அவராகவே தெரிந்துகொண்டார்.

பார்க்க வந்தவர்களிடம் அத்தான் கதை சொன்னார். முதல் வாரக் கதையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தார். இரண்டாவது வாரம் அறுபது. மூன்றாவது வாரம் நாற்பதுக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கார் நின்றுகொண்டிருக்கும்போதே கவிழ்ந்தது என்று ஆகியிருக்கும். போனைப் பற்றி அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னிடமும் வெளியே சொல்லாத கணக்கு ஒன்று இருந்தது.

அக்காவால் இடது கையைத் தூக்க முடியாது. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் நான்தான் அவளுக்குத் தலை சீவிவிட வேண்டும். மூன்று முறை ஷாம்பு போட்ட பிறகும் ஏதோ ஒரு பிசுக்கு இருந்தது. அடர்த்தியான முடி. பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் நரையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒருநாள் சீவும்போது சீப்பில் ஏதோ தடுத்தது. உச்சிக்குப் பக்கத்தில், தோலில் செருகியபடி ஒரு கண்ணாடித் துணுக்கு. இத்தனை நாள் அங்கேயே இருந்திருக்கிறது. மெதுவாக எடுத்தேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

அன்றைக்குத்தான் சொன்னேன். அவளுக்குப் பின்னால் நான் நின்றதால் சொல்ல முடிந்தது.

"அக்கா, அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்கு மொதல் தடவையே கேட்டுச்சு. நான்தான் பேசல."

அவள் முரளி வைத்துவிட்டுப் போன காபியைக் குடித்து முடித்தாள்.

"தெரியும்டி."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"நீ மூச்ச அடக்கிக்கிட்டு இருந்த. சின்ன வயசுல கோவம் வந்தா அப்படித்தான் செய்வ. செத்துப்போனவ அடக்க மாட்டா. ஒன்னைத்தான் மொதல்ல நல்லா இருக்கன்னு முடிவு பண்ணேன்."

"தெரிஞ்சும் ஏன் அப்படிக் கதறின?"

"நீ எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பன்னு எனக்குத் தெரியாதா? பெட்ரோல் வாடை வேற வந்துச்சு" என்றாள் அக்கா. டம்ளரைக் கீழே வைத்தாள்.  "ஸ்கூலுக்கு மணி ஆகுதுல்ல? சீக்கிரம் பின்னு. இழுக்காம பின்னு."